வருவதை அறிதல்: கடல்கோள் மரபும் உப்புவெளிக் கரையும்

1

தம்மை நோக்கி வரும் பொருளை மனிதர் எவ்வாறு காண்கின்றனர், கண்டபின் என்ன செய்கின்றனர் என்பது உளவியலாளருக்கு மட்டும் உரிய வினாவன்று. இலக்கிய விமரிசனத்துக்கும் அதில் நேரடியான பங்குண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி இலங்கையின் கரைகளைக் கடல் தாக்கியபோது 30,000 பேருக்கு மேல் மாண்டனர். திருகோணமலை நகருக்கு வடக்கே நிலாவெளி வீதியில் அமைந்துள்ள உப்புவெளியும் அன்று தாக்குண்ட கரைகளுள் ஒன்று. அந்நிகழ்ச்சி பற்றிப் பின்னர் பேசப்பட்டவற்றிலும் எழுதப்பட்டவற்றிலும் ஒரு விளக்கம் திரும்பத் திரும்ப வந்தது. கரையோர மக்கள் வருவது யாதென அறியாது நின்றனர். கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கவும் மீன் பொறுக்கவும் இறங்கிச் சென்றனர். அறியாமையே அவர்களைக் கொன்றது என்பதே அவ்விளக்கம்.

இது பெரும்பாலும் இரக்கத்தோடு சொல்லப்படுவது. ஆயினும் இரக்கத்தின் உள்ளே ஒரு தீர்ப்பும் இருக்கின்றது. இறந்தவரின் குறைபாட்டிலே இறப்பின் காரணத்தைத் தேடும் தீர்ப்பு அது. அத்தீர்ப்பு பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். வருவதை வருவதாகக் காணும் ஆற்றலில் ஒரு பகுதி உடலுக்கு உரியது. மறுபகுதியைச் சமூகமே வழங்குகின்றது. சொல்லாகவும் பழக்கமாகவும் கருவியாகவும் அது வழங்கப்படுகின்றது. தமிழ் இலக்கிய மரபிடம் கடலின் வருகையைக் குறிக்க ஒரு சொல் நெடுங்காலமாக இருந்தது. அச்சொல்லை நாம் போனதை எண்ணி ஏங்கும் சொல்லாக வைத்துக்கொண்டோமேயன்றி, வரப்போவதை உணர்த்தும் சொல்லாக ஆக்கவில்லை. அறியாமை பற்றிப் பேசுவதாயின், கற்றோரின் இவ்வறியாமையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

2

முதலில் உடலின் அறிவை நோக்குவோம். 1962இல் ஷிஃப், கவினெஸ், கிப்சன் ஆகிய மூவரும் குரங்குகளின் முன்னே திரையில் விழுந்த நிழலொன்றை விரைந்து விரியச் செய்தனர். குரங்குகள் அஞ்சிப் பின்வாங்கின. அதே நிழல் சுருங்கியபோது அவை அவ்வாறு அஞ்சவில்லை. விரிதல் வருகையின் அடையாளம். சுருங்குதல் விலகலின் அடையாளம். 1971இல் போல், ட்ரோனிக் என்னும் ஆய்வாளர், சில வார வயதுடைய குழந்தைகளும் தம்மீது மோதவருவது போலத் தோன்றும் உருவுக்குத் தலையைப் பின்னே சாய்த்துக் கைகளை உயர்த்துவதாக அறிவித்தனர். குழந்தை உண்மையில் அஞ்சுகின்றதா, மேலேறும் விளிம்பைக் கண்ணாற் பின்தொடர்கின்றதா என யோனாஸ் முதலியோர் பின்னர் ஐயம் எழுப்பினர். அவ்விவாதம் எவ்வாறு முடியினும், விரியும் உருவத்தை உடல் தனியாகக் கவனிக்கின்றது என்பது உறுதி.

1976இல் டேவிட் லீ இதற்கு ஓர் எளிய கணிதத்தைக் காட்டினார். கண்ணில் விழும் உருவத்தின் அளவை, அது விரியும் வேகத்தால் வகுத்தால், மோதலுக்கு எஞ்சியுள்ள நேரம் கிடைக்கும். பொருளின் தூரமோ வேகமோ தனித்தனியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேகம் மாறாதிருத்தல் மட்டுமே நிபந்தனை. வீதியைக் கடப்பவரும் பந்தைப் பிடிப்பவரும் இத்தகைய தகவலைச் சிந்தியாமலே பயன்படுத்த முடிகின்றது.

இக்கணிதத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வரும் ஒரு வாகனத்தை எடுத்துக்கொள்வோம். 1,000 மீற்றர் தூரத்திலிருந்து 500 மீற்றருக்கு வர அதற்கு 50 செக்கன் வேண்டும். அதற்குள் அதன் உருவம் இருமடங்காகும். 20 மீற்றரிலிருந்து 10 மீற்றருக்கு வர ஒரு செக்கன் போதும். அப்பொழுதும் உருவம் இருமடங்காகும். எனவே வருபொருள் நெடுநேரம் வளராதது போலவே தோன்றி, இறுதியில் ஒரே பாய்ச்சலாகப் பெருகுகின்றது. கண் அண்மையில் எச்சரிக்கும். தொலைவிலுள்ளதைப் பற்றி அது பெரும்பாலும் மௌனம் சாதிக்கும். தொலைவை அறிய மனிதர் வேறு வழிகளைத் தேடவேண்டியிருந்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

3

இத்தகைய கண்ணுக்கு முன்னே 2004இல் வந்தது யாது? சுமாத்திராவின் மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது இலங்கை நேரம் காலை 6.59. அவ்விடத்துக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். ஆழ்கடலில் இவ்வலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது; 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றரளவில் ஓடும்; 10 மீற்றர் ஆழத்தில் 36 கிலோமீற்றரளவாகக் குறையும். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின் ஜேசன்-1 என்னும் செய்மதி வங்காள விரிகுடாவின் மேலாகச் சென்றபோது அளந்த அலையுயரம் 60 சென்ரிமீற்றரளவே. ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும் இடையிலுள்ள தூரமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர்.

எனவே இதனை ஒரு பொருள் எனச் சொல்வதே அரிது. இதற்கு விளிம்பு இல்லை. கண்ணில் விரிவதற்கு உருவமும் இல்லை. வேகமும் மாறாது நிற்பதில்லை. கடலில் நின்ற வள்ளத்தின் கீழே இது கடந்து சென்றிருந்தாலும் வள்ளத்திலிருந்தவர் உணர்ந்திருக்க முடியாது.

மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது. நிலப்பிளவின் கிழக்கே அமைந்த தாய்லாந்துக் கரையில் கடல் முதலிற் பின்வாங்கியது. மேற்கே அமைந்த இலங்கைக்கு முதலில் வந்தது நீரேற்றம். அதன் பின்னரே கடல் உள்வாங்கிற்று. பல இடங்களில் அதற்கடுத்து வந்த அலையே பேரழிவு செய்தது. முதல் ஏற்றம் வடிந்தபோது ஆபத்து வந்து போய்விட்டது என்று எண்ணுதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. விரிவதற்கு அஞ்சி, விலகுவதற்கு அஞ்சாது நிற்கப் பழகிய உடலுக்கு, உள்வாங்கும் கடல் விலகிச் செல்லும் கடலாகவே தோன்றியிருக்கும். மீன் பொறுக்க இறங்கியவர் மூடராதலின் இறங்கவில்லை. பழக்கமான அடையாளங்களை வழக்கம்போலவே அவர் வாசித்தார்.

காற்றையும் நீரோட்டத்தையும் மீனின் வரவையும் வாசிக்கும் நுட்பத்தில் இக்கரையின் தொழிலாளர் எவர்க்கும் பின்னிற்பவரல்லர். வாடையும் சோழகமும் கச்சானும் மாறும் காலத்தை அவர்கள் அறிவர். கரைவலை இழுப்போர் நீரின் நிறமாற்றத்திலிருந்தே மீன்கூட்டத்தைக் கண்டுகொள்வர். மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் (1925–2001) ‘தோணி’ என்னும் சிறுகதையிற் கடலைத் தொழிற்களமாகக் காட்டியபோது, கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த இத்தகைய வாழ்வே அதற்கு மூலமாயிற்று. ஆனால் தொழில் அறிவு மீண்டும் மீண்டும் நிகழ்பவற்றிலிருந்து பிறப்பது. பல தலைமுறைக்கு ஒருமுறை வருவதை ஒரு மனிதரின் அனுபவம் கற்பிக்க முடியாது. தலைமுறைகளைக் கடந்து நினைவைக் கொண்டுசெல்லும் மரபே அதனைக் கற்பித்தல் வேண்டும்.

4

அறியாமை பற்றிய கதைகள் யாருக்குப் பயன்படுகின்றன என்பதற்குத் திரைப்பட வரலாற்றில் நல்லதோர் உதாரணமுண்டு. லூமியேர் சகோதரர் லா சியோத்தா நிலையத்துக்குப் புகையிரதம் வரும் காட்சியைத் திரையிட்டபோது, பார்வையாளர் அது தம்மீது மோதவருவதாக எண்ணி அலறியோடினர் என்பது உலகெங்கும் சொல்லப்படும் கதை. 1895 டிசெம்பர் 28இல் பாரிசில் நடந்த முதற் கட்டணக் காட்சியில் அப்படம் இடம்பெறவேயில்லை. பின்னர் காட்டப்பட்டபோதும் மக்கள் ஓடியமைக்கு அக்காலச் சான்று கிடைப்பதில்லை என்பதை ரொம் கன்னிங், மார்ட்டின் லொய்ப்பர்டிங்கர் போன்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். பார்வையாளர் வியந்தனர், வியப்பு வேறு, ஏமாற்றம் வேறு. ஆயினும் கதை நிலைத்துவிட்டது. தன் முன்னோரைப் பேதையர் எனக் கண்டு சிரிக்கும் நவீன மனிதனுக்கு அது இன்பம் தருகின்றது.

கடற்கரை மக்களின் அறியாமை பற்றிய கதையும் இதே வகையானது. ஒன்றில் மக்கள் தேவையின்றி ஓடினர். மற்றொன்றில் ஓடவேண்டியபோது ஓடவில்லை. இரண்டிலும் காண்பவரின் பேதைமையே விளக்கமாகின்றது. அவருக்கு என்ன அறிவிக்கப்பட்டது, எவ்வறிவு மறுக்கப்பட்டது என்னும் வினா எழுவதேயில்லை. 2004இல் தென்மேற்குக் கரையிலுள்ள பெரலியவில், முதல் அலையின் பின் நின்றுபோன ‘சமுத்திர தேவி’ புகையிரதத்தில் ஊர்மக்களும் ஏறிக்கொண்டனர். கண் அறிந்த வரையில் அது உயரமான, பாரமான, உறுதியான புகலிடம். அடுத்த அலை அதனைப் புரட்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முன்னரே கிழக்குக் கரை தாக்குண்டுவிட்டது. அச்செய்தி தெற்கு நோக்கி ஓடிய புகையிரதத்தை உரிய வேளையில் நிறுத்தவில்லை. இங்கு அறியாமை எவரிடம் இருந்தது?

5

இனி நம் இலக்கிய மரபுக்கு வருவோம். கடல் நிலத்தைக் கொள்வதைக் ‘கடல்கோள்’ என்று தமிழ் வழங்கிற்று. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. இறையனார் களவியலுரை முதலிரு சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடலுக்குக் கொடுக்கின்றது. அடியார்க்குநல்லார் உரை அழிந்த 49 நாடுகளைக் கணக்கிடுகின்றது. மணிமேகலையிற் புகார் நகரம் கடலுள் மறைகின்றது.

இவற்றில் உண்மை வரலாறு எவ்வளவு என்பது இங்கு வினாவன்று. இவை கடலின் வருகையை எவ்வாறு காட்டுகின்றன என்பதே வினா. மணிமேகலையில், மகனைப் பிரிந்த துயரால் சோழ மன்னன் இந்திரவிழாவை மறந்தமையின் நகரம் அழிகின்றது. சிங்கள மரபிலும் ஒத்ததொரு கதை உண்டு. களனி மன்னன் தீசன் குற்றமற்ற துறவியொருவரைக் கொதிக்கும் எண்ணெயில் இட்டமையால் கடல் பொங்கியது. அவன் மகளைக் கடலுக்கு ஈந்தபின்னரே அது தணிந்தது என்பது அக்கதை. விகாரமகாதேவி என அறியப்படுபவள் அம்மகளே. இரு மரபுகளிலும் கடலை இயக்குவது அரசனின் ஒழுக்கம். அரசன் பிழைத்தான், கடல் வந்தது என்பதே கதையின் முழு இலக்கணம். கடல் முதலில் என்ன செய்தது, நீர் எவ்வாறு நடந்தது, யார் எப்பக்கம் ஓடினர், யார் தப்பினர் என்பன அதில் இடம்பெறுவதில்லை. நிலப்பிரபுத்துவ சமுதாயத்தின் நினைவு அரண்மனையை மையமாகக் கொண்டு அமைந்தமையின், கரையில் நின்றவரின் கண்ணுக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் மீண்டும் உயிர்பெற்றது. 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேற்றர் கருதுகோளாக முன்வைத்த லெமூரியாவோடு இணைந்து, கடல்கோள் குமரிக்கண்டக் கனவின் நுழைவாயிலாயிற்று. கண்டத்தட்டுகளின் இயக்கம் பற்றிய அறிவு அக்கருதுகோளைத் தேவையற்றதாக்கிவிட்டது. ஆயினும் பாடநூலிலும் மேடையிலும் கடல்கோள் இழந்த பெருமையின் சொல்லாகவே நின்றது. இழந்த நிலத்தின் மீதான இவ்வேக்கத்தைச் சுமதி இராமசாமி தமது ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்நூல் வெளிவந்த ஆண்டும் 2004 என்பது நினைக்கத்தக்கது. அவ்வாண்டின் இறுதியில் கடல் உண்மையாகவே வந்தபோது, அதனைப் பெயரிட நாம் யப்பானியச் சொல்லைக் கடன்பெற்றோம். ‘ஆழிப்பேரலை’ என்னும் ஆக்கச்சொல் பின்னரே பரவலாயிற்று. நம்மிடம் சொல் இல்லாமையால் இது நேரவில்லை; இருந்த சொல்லை நாம் நிகழ்காலத்துக்கு உரியதாக வைத்திருக்கவில்லை.

6

இதற்கு மாறானதொரு மரபை அதே கடலின் மறுகரையிற் காணலாம். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகிலுள்ள சிமேலுவே தீவில் 1907இல் பேரலையொன்று பலரைக் கொன்றது. அத்தீவினர் அதற்கு ‘ஸ்மோங்’ எனப் பெயரிட்டு, முதியோர் கதையாகவும் தாலாட்டாகவும் வழங்கி வந்தனர். நிலம் வலிதாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதே அதன் பொருள். 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் 7 பேர் எனவே பதிவாயிற்று.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சிமேலுவே மக்களுக்கு நிலம் முன்னறிவித்தது. 1,700 கிலோமீற்றர் அப்பாலிருந்த உப்புவெளியினருக்கு அத்தகைய அதிர்வு கிடைக்கவில்லை. மறுப்பு நியாயமானதே, இரு கரைகளையும் முற்றாக ஒப்பிட முடியாது. ஆனால் உள்வாங்கும் கடல் என்னும் அடையாளம் நம் கரைக்கும் பொதுவானது. அவ்வடையாளத்தைக் கற்றிருப்பின் ஒரு சிறுமியும் போதும். பூக்கெற் கடற்கரையில், ரில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரு வாரம் முன்பு புவியியல் வகுப்பிற் கற்றதை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள், அக்கரையிலிருந்தோர் தப்பினர். அவளுடைய கண் மற்றையோரின் கண்ணினும் கூரியதன்று. அவளிடம் ஒரு பாடம் இருந்தது.

நம் மக்கள் இத்தகைய பாடத்தைக் கற்கும் ஆற்றலற்றவர் எனச் சொல்வோர் போர்க்கால வடகிழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். எறிகணை புறப்படும் ஓசைக்கும் விழும் ஓசைக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவரும் அறிந்திருந்தனர். கிபிர் எது, ஹெலி எது என்று வானைப் பாராமலே கூறினர். ‘பங்கர்’ எத்தனை எட்டில் உள்ளது என்பதை அவர்தம் கால்கள் அறிந்திருந்தன. அணுகிவரும் ஒலியைச் செவி மிகைப்படுத்தியே கேட்கின்றது என 1998இல் ஜோன் நியூஹொஃப் காட்டியுள்ளார். அந்த இயற்கைச் சாய்வின் மீது போர் மிக நுண்ணியதொரு கல்வியைக் கட்டியெழுப்பிற்று. பெயர்களும் பயிற்சியும் ஓடுவதற்கு ஓர் இடமும் சேர்ந்தபோது, ஒரு தலைமுறைக்குள்ளேயே புலன்கள் மாறிவிட்டன. கடலைப் பொறுத்தவரை இம்மூன்றும் கிடைக்கவில்லை.

7

சொல்லும் பயிற்சியும் போலவே கருவியும் சமூகத்தின் கண். அது எவர் பொருட்டுத் திறந்திருக்கின்றது என்பது அரசியல் வினா. இதற்கு உப்புவெளியின் சூழலிலேயே சான்றுண்டு. 1942 ஏப்ரல் 4இல் கொக்கலையிலிருந்து சென்ற கற்றலீனா விமானமொன்று, இலங்கையின் தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டு அறிவித்தது. ஏப்ரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. திருகோணமலையை நோக்கி வந்த விமானங்களை, அவை கரையை அடையுமுன்பே ராடர் கண்டறிந்தது. சீனன்குடாத் தளத்திலிருந்து போர்விமானங்கள் எதிர்கொள்ள எழுந்தன. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முதல்நாளே வெளியே அனுப்பப்பட்டிருந்தன. அவ்வாறு சென்ற ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அப்போரில் மாண்டோரின் கல்லறைகள் இன்றும் உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் உள்ளன.

முன்னறிவிப்பு அன்று எல்லோரையும் காக்கவில்லை என்பதை ஹேர்மிஸ் காட்டுகின்றது. ஆயினும் அடிவானுக்கு அப்பால் வருவதைக் காணும் கருவி 1942லேயே இத்துறைமுகத்தில் இருந்தது. ஒரு பேரரசின் கப்பல்களுக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் அது தேவைப்பட்டது; ஆதலால் நிறுவப்பட்டது. 62 ஆண்டுகளின் பின், கண்டிக்கு அண்மையிலுள்ள பல்லேகலை நிலநடுக்கப் பதிவு நிலையம் சுமாத்திராவின் அதிர்வைப் பதிந்தது. ஹவாயிலுள்ள பசுபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்தில் தன் அறிவித்தலை வெளியிட்டது. பசுபிக்குக்கு ஆபத்தில்லை என்பதே அதன் செய்தி. இந்து சமுத்திரக் கரைகளுக்கு அத்தகைய அமைப்பே இருக்கவில்லை. அலை கிழக்குக் கரையை அடைய எடுத்துக்கொண்ட ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட நேரம், எவருக்கும் பயனின்றிக் கழிந்தது. பதிவு செய்யும் கருவி இருந்தது. அப்பதிவைக் குடிசைவரை கொண்டுசெல்வதற்கான கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை.

8

2005இல் இலங்கையில் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. 2011இல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகியன இந்து சமுத்திர எச்சரிக்கைப் பணியை ஏற்றன. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் பெருநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது. இலங்கைக் கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தனர். பேரலை வரவில்லை. வராத அலைக்கு அவர்கள் நகர்ந்தமை ஒருவகையிற் சமூகக் கல்வியின் சான்று. எனினும் கருவி மட்டும் போதாது. 2011 மார்ச்சில், உலகிலேயே மிகத் தேர்ந்த எச்சரிக்கை அமைப்பைக் கொண்ட யப்பானில், அலையின் உயரம் முதலிற் குறைவாக மதிப்பிடப்பட்டது. எண்ணை நம்பித் தாமதித்தோரும் உண்டு. கருவி தவறும் கணத்திற் பழக்கமும் சொல்லுமே எஞ்சுகின்றன.

இங்குதான் இலக்கியத்தின் பொறுப்பு தொடங்குகின்றது. 2004க்குப் பின் ஈழத்திலும் தமிழகத்திலும் சுனாமி பற்றிக் கவிதைகள் குவிந்தன. அவற்றுட் பல கடலை அரக்கியாகவும் பிள்ளைகளை விழுங்கிய தாயாகவும் உருவகித்தன. துயரின் உண்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இவ்வுருவகம், அரசனின் பிழையாற் பொங்கிய பழைய கடலின் உறவினமே. கடலுக்கு நோக்கத்தைக் கற்பித்தவுடன் மனிதரின் கடமை மறைந்துவிடுகின்றது. கொன்றவள் தாயாயின், நேரம் இருந்தும் அறிவியாதவரை எவரும் வினவவேண்டியதில்லை.

நமக்குத் தேவையான எழுத்து வேறு. நீர் முதலில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு நேரம் உள்வாங்கி நின்றது, எவ்வொழுங்கையால் ஓடியோர் தப்பினர், எவ்வேலி தடுத்தது என்பவற்றை உப்புவெளியிலும் சல்லியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முதியோரிடமிருந்து பதிவுசெய்யும் எழுத்து அது. நாட்டார் வழக்காற்றியல் பயிலும் மாணவர்க்கு இதனினும் அவசரமான களப்பணி இல்லை. அன்று பிறந்த குழந்தைகள் வளர்ந்துவிட்டனர், கண்டவர்கள் குறைந்து வருகின்றனர். அதேபோல், நெய்தலின் கருப்பொருளைப் பட்டியலாக ஒப்புவிக்கச் செய்யும் வகுப்பறை, மணிமேகலையிற் புகார் அழியும் பகுதியைப் படிக்கும்போது, மாணவரைக் கடல் உள்வாங்கினால் எத்திசையில் ஓடவேண்டும் என்றும் கேட்கலாம். அங்ஙனம் கேட்கப்படும்போதே கடல்கோள் என்னும் பழஞ்சொல், கரையில் வாழ்வோர்க்கும் உரிய சொல்லாகும்.